தகரப் பெட்டியில் செல்லாத பணம்

மே 12, 2024, ஞாயிறு

காவேரிப்பட்டினம் வீட்டில் ஓடு மாற்றுகிறோம். பரணைக் காலி செய்தபோது தாத்தாவின் தகரப் பெட்டி இறங்கியது. சாவி யாரிடமும் இல்லை. தம்பி சுத்தியலால் ஒரே போடு போட்டான். உள்ளே ரப்பர் மரம் சீவும் கத்தி, இந்திய வரைபடம் பொறித்த பித்தளை வில்லை, பழைய வேட்டித் துணியில் சுற்றிய நோட்டுக்கட்டு. இந்தப் பக்கமெல்லாம் சேலம் மாவட்டமாக இருந்த காலத்தில் மலேயாத் தோட்டத்துக்குப் பால்வெட்டப் போனவர் தாத்தா. 1943இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து ஆள் திரட்டியதும் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்துவிட்டார். துப்பாக்கி பிடித்த பிறகும் பால்வெட்டும் கத்தியை விடவில்லை போலிருக்கிறது.

மே 13, திங்கள்

நோட்டெல்லாம் பத்து டாலர். வாழைமரமும் குலையுமாக அழகாகத்தான் இருக்கிறது. மேலே ஜப்பானிய அரசாங்கத்தின் பெயர்; போரில் மலேயாவைப் பிடித்திருந்த ஜப்பான்காரன் அங்கே புழங்கவிட்ட பணம். எம் என்று தொடங்கும் எழுத்துகள் மட்டும் உண்டு, வரிசை எண் கிடையாது. எண்ணே போடாமல் அச்சடித்தால் யார் கணக்குக் கேட்பது? அடிக்க அடிக்க விலைவாசி ஏறியது. 1945 செப்டம்பரில் வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் அத்தனையும் வெறும் காகிதம்.

அத்தையிடம் காட்டினேன்.

“உன் தாத்தாவின் சம்பளம் அது” என்றார்.

“செல்லாது என்று தெரியாமலா கப்பலில் தூக்கி வந்தார்?”

“தெரியாமல் என்ன? உழைத்து வாங்கியதை எறிய மனம் வரவில்லை.”

மே 15, புதன்

மழை. ஓட்டு வேலை நின்றுவிட்டது.

இன்று ஒன்று தெரிந்தது. அத்தை கேழ்வரகு மாவு அளக்கும் அலுமினியத் தூக்கு, அவரைக்கொட்டைபோல ஒரு பக்கம் உள்வளைந்தது, ஜப்பானியச் சிப்பாயின் சோற்றுப் பாத்திரமாம்! இடுப்பில் ஒட்டி நிற்பதற்காக அந்த வளைவு. மூடியின் உள்பக்கம் ஆணியால் கீறிய தாத்தாவின் இனிஷியல், ‘மு’. சுழி மட்டும் தேயவில்லை. எத்தனை வருடக் களி இதில் அளந்த மாவில் கிண்டியது!

1972இல் தியாகிகள் ஓய்வூதியம் வந்தபோது தாத்தாவும் விண்ணப்பித்தாராம். ஆறு மாதச் சிறைவாசத்துக்குச் சான்று கேட்டார்கள். அவரிடம் இருந்தது இந்தத் தூக்குதான்.

மே 18, சனி

தம்பி வில்லையை மட்டும் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்கிறான். நோட்டு வேண்டாமாம், ஜப்பான்காரன் பெயர் இருக்கிறதாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வில்லை பட்டாளம் கொடுத்தது; நோட்டு அவர் உழைத்து வாங்கியது. மாடு மீட்டுச் செத்தவனுக்கெல்லாம் நடுகல் நிற்கும் மாவட்டம் இது. உயிரோடு திரும்பி வந்து களி தின்றவருக்கு ஒரு சட்டமாவது முழுசாகப் போடக் கூடாதா?

கடைசியில் இரண்டையும் ஒரே சட்டத்தில் போட ஒப்புக்கொண்டான். தூக்கைத் தர முடியாது என்று அத்தை சொல்லிவிட்டார். ஓட்டு வேலைக்கு வந்தவர்களுக்கு நாளையும் களிதான்.