மீட்டர் 1.2 காட்டியது, குரல் மட்டும் போய்ச் சேரவில்லை: மூன்று முறை கேபிள் வாங்கிய அனுபவம்

திருவான்மியூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில் என் வயர்லெஸ் செட் முதல் மாடியிலும் ஆன்டெனா மொட்டைமாடியிலும் இருக்கின்றன. ஜன்னல் வழியே வெளியேறி, மழைநீர்க் குழாயை ஒட்டி மேலே ஏறி, கைப்பிடிச் சுவரைச் சுற்றி ஆன்டெனாவை அடைய 30 மீட்டர் கேபிள் வேண்டும். ஹாம், அதாவது பொழுதுபோக்காக வயர்லெஸில் பேசுபவர், ஆவதற்கான தேர்வு எழுதியது, உரிமம் வந்தது, 25 வாட் செட் வாங்கியது எல்லாம் தடங்கலின்றி முடிந்தன. இந்த 30 மீட்டர் கேபிளுக்காக மட்டும் ஏறத்தாழ மூன்று மாதம் அலைந்தேன்.

மின்னணுப் பொருள்கள் விற்கும் சென்னை ரிச்சி தெருவில் நான் முதலில் நுழைந்த கடையில், டிவிக்குப் போடும் ஆர்.ஜி.6 கேபிளை எடுத்து வைத்து, "கேபிள் எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றார்கள். அதன் மின்மறுப்பு 75 ஓம், செட்டுக்குப் பொருந்த எனக்கு வேண்டியது 50 ஓம் என்பது தெரிந்திருந்ததால் மறுத்துவிட்டேன். கேட்பதற்கு மட்டும் ஆன்டெனா வைப்பவர்களுக்கு ஆர்.ஜி.6 நல்ல கேபிள்தான். ஆனால் நடுக்கம்பியைச் சுற்றி உறைபோல் இருக்கும் அதன் அலுமினியப் பின்னலில் சால்டர் பிடிக்காது என்பதால் நம் கனெக்டர்களைப் பொருத்துவது பெரும்பாடு. அடுத்த கடையில் 50 ஓம் என்று சொல்லி ஆர்.ஜி.58 கொடுத்தார்கள். 5 மி.மீ. தடிமன், வளைக்க எளிது, விலையும் குறைவு. 50 ஓம் என்ற ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு, எந்த அலைவரிசைக்கு எவ்வளவு நீளம் என்று கணக்குப் பார்க்காமல் வாங்கியதுதான் நான் செய்த முதல் தவறு.

கேபிளை இழுத்துக் கட்டி, நானே செய்த கால் அலை ஆன்டெனாவை (அலைநீளத்தில் கால் பங்கு நீளமுள்ளது) இணைத்து, 145 மெகாஹெர்ட்ஸில் எஸ்.டபிள்யூ.ஆர். பார்த்தேன். அனுப்பும் சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் அளவு அது; எதுவும் திரும்பாவிட்டால் 1. மீட்டர் 1.2 காட்டியது. அதைவிட நல்ல அளவு வேண்டியதில்லை என்பதால் நிம்மதியாகிவிட்டேன். ஆனால் செங்கல்பட்டில் இருக்கும் நண்பருக்கு நான் கூப்பிடுவது இரைச்சலுக்குள் முணுமுணுப்பாகத்தான் கேட்டது. மைக்கை மாற்றினேன், ஆன்டெனாவை இன்னும் இரண்டு அடி உயர்த்தினேன், பவர் சப்ளையைச் சந்தேகப்பட்டேன். 1.2 என்ற எண் கண்முன் இருந்ததால், கேபிளை மட்டும் ஒருமுறைகூடச் சந்தேகப்படத் தோன்றவில்லை. இப்படியே மூன்று வாரங்கள் வீணாயின.

பிறகு மூத்த ஹாம் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அவர் ஆன்டெனாவில் குறை தேடவில்லை. மேலே சென்று ஆன்டெனாவைக் கழற்றி, கேபிளின் முனையை வெறுமனே விட்டுவிட்டு, கீழே வந்து செட்டைக் குறைந்த பவரில் வைத்து ஓரிரு விநாடி மட்டும் அழுத்தச் சொன்னார். மறுமுனையில் எதுவுமே இல்லாத நிலையில் மீட்டர் 1.5 காட்டியது! ஆன்டெனாவே இல்லாதபோது முள் கடைசிவரை ஓட வேண்டும். அது ஓடாததற்குக் காரணம், கேபிள் சக்தியைப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் வெப்பமாகத் தின்றுவிடுகிறது என்பதுதான். திரும்பி வருவது குறைவாக இருப்பதால் மீட்டர் எல்லாம் நலம் என்று காட்டுகிறது. அடுத்து கேபிளின் மேல்முனையில் வாட் மீட்டரையும், ஆன்டெனாவுக்குப் பதிலாகச் சக்தியை வாங்கிக்கொள்ளும் டம்மி லோடையும் இணைத்து, முழு 25 வாட்டில் அளந்தார். மேலே வந்து சேர்ந்தது 5 வாட். "தம்பி, இருபது வாட்டை நீங்க சுவருக்குள்ளயே விட்டுட்டீங்க" என்றார்.

தரமான ஆர்.ஜி.58 கேபிளே 145 மெகாஹெர்ட்ஸில் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 20 டெசிபல் (சக்தி இழப்பைச் சொல்லும் அளவு) இழக்கும். 30 மீட்டருக்கு 6 டெசிபல், அதாவது நான்கில் ஒரு பங்கு சக்திதான் மிஞ்சும். என்னுடையது அதைவிடவும் மட்டமாக இருந்தது. இதே கேபிளை 7 மெகாஹெர்ட்ஸில் பயன்படுத்தியிருந்தால் இழப்பு ஒரு டெசிபலை ஒட்டியே இருந்திருக்கும், நானும் குறை சொல்லியிருக்க மாட்டேன். கேபிளின் பெயரை மட்டும் வைத்து நல்லது, கெட்டது என்று சொல்ல முடியாது; அலைவரிசையும் நீளமும் சேர்ந்தால்தான் பதில் கிடைக்கும்.

இம்முறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். தடித்த கேபிள்களில் எல்.எம்.ஆர்.400 வாங்கினால் 30 மீட்டரில் ஒன்றரை டெசிபல்தான் போகும், ஆர்.ஜி.213 வாங்கினால் இரண்டரையை ஒட்டிப் போகும். இரண்டும் ஏறத்தாழ ஒரே தடிமன். எனினும் எல்.எம்.ஆர்.400இன் நடுக்கம்பி ஒற்றைக் கம்பி என்பதால் விறைப்பு அதிகம்; எங்கள் ஜன்னல் கம்பிகளுக்கிடையே அதை இறுக்கி வளைக்க மனம் வராமல் ஆர்.ஜி.213 என்று முடிவு செய்தேன். 430 மெகாஹெர்ட்ஸில் பேச நினைப்பவர்கள் இந்த முடிவைப் பின்பற்ற வேண்டாம். அங்கே ஒரு டெசிபல் வேறுபாடு இரண்டாக வளரும்.

இரண்டாவதாக வாங்கிய கேபிளில் ஏமாந்ததுதான் இன்னும் ஆறவில்லை. மேலுறையில் ஆர்.ஜி.213 என்று தெளிவாக அச்சிட்டிருந்தது, தடிமனும் சரியாக இருந்தது. வீட்டுக்கு வந்து முனையைச் சீவியபோது பின்னல் கொசுவலைபோல் அகன்று கிடந்தது, இடைவெளிகளில் உள்ளிருக்கும் வெள்ளை பாலித்தீன் பளிச்சென்று தெரிந்தது. நல்ல கேபிளில் பின்னல் அந்த வெள்ளையை ஏறத்தாழ முழுவதும் மூடியிருக்கும். நடுவில் இருந்த ஏழு இழைகளில் ஒன்றை பிளேடால் சுரண்டினேன். செம்பு நிறம் உரிந்து உள்ளே வெள்ளையாக அலுமினியம் தெரிந்தது. செம்பு பூசிய அலுமினியம் என்பதற்காகவே ஒரு கேபிளை ஒதுக்கிவிட முடியாது, எல்.எம்.ஆர்.400இன் நடுக்கம்பியும் அதுதான். ஆனால் ஆர்.ஜி.213 என்று பெயர் போட்டால் ஏழும் முழுச் செம்பாக இருக்க வேண்டும். கடற்காற்று அடிக்கும் எங்கள் பகுதியில் பூச்சு விட்டுப்போன அலுமினியம் எத்தனை நாள் தாங்கும்? திருப்பிக் கொண்டுபோனேன். வெட்டிக் கொடுத்த கேபிளைத் திரும்ப எடுப்பதில்லை என்று முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டார்கள்.

மூன்றாவது முறை, பணம் கொடுப்பதற்கு முன்பே ஒரு முனையை அங்கேயே சீவிக் காட்டச் சொன்னேன். தயங்கிய இரண்டு கடைகளில் இருந்து அப்படியே வெளியே வந்தேன், மூன்றாவது கடைக்காரர் தாமாகவே பிளேடை எடுத்தார். நெருக்கமான பின்னல், சுரண்டினாலும் சிவப்பாகவே இருந்த இழைகள், மீட்டருக்கு மீட்டர் நீளக் குறி அச்சிட்ட மேலுறை எல்லாம் சரியாக இருந்தன. தராசிலும் வைத்துப் பார்த்தோம். ஆர்.ஜி.213 100 மீட்டருக்கு ஏறத்தாழ 15 கிலோ இருக்கும். 30 மீட்டர் நாலரைக் கிலோவை ஒட்டி நின்றதும்தான் பணத்தை எடுத்தேன். பின்னலில் மிச்சம் பிடித்த கேபிள் எடையில் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், சீவிப் பார்க்க இயலாதவர்கள் எடையாவது கேளுங்கள்.

கேபிள் முனையில் மாட்டும் பி.எல்.259 கனெக்டரைச் சால்டர் செய்வதில் ஒரு நாள் போயிற்று. 25 வாட் சால்டரிங் அயர்ன் இந்தக் கனமான உலோகத்தைச் சூடாக்கப் போதாது. நான் நெடுநேரம் அழுத்திப் பிடித்ததில் உள்ளிருந்த பாலித்தீன் இளகி, பின்னலின் ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டுவிட்டது. மல்டிமீட்டரில் பார்த்ததால் தெரிந்தது, பார்க்காமல் செட்டில் மாட்டியிருந்தால் செட் போயிருக்கலாம். 100 வாட் அயர்னை இரவல் வாங்கி வந்த பிறகு சில விநாடிகளில் வேலை முடிந்தது.

கேபிளை மேலே ஏற்றுவதற்கு முன், தரையில் சுருளாக வைத்தே மறுமுனையில் அளந்தேன். 14 வாட். 25 வாட்டில் இரண்டரை டெசிபல் போக மிஞ்சும் என்று கணக்கில் வந்த எண்ணும் அதுவே என்பதில் எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சமல்ல. ஆனால் ஆன்டெனாவை இணைத்ததும் எஸ்.டபிள்யூ.ஆர். 1.7 காட்டியது. நல்ல கேபிள் போட்டதும் அளவு மோசமாகிவிட்டதே என்று யாரும் கலங்க வேண்டாம். பழைய கேபிள் மறைத்து வைத்திருந்த ஆன்டெனாவின் குறை இப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. 49 செ.மீ. இருக்க வேண்டிய கம்பியை நான் 53 செ.மீ. விட்டிருந்தேன். சிறிது சிறிதாக நறுக்கி, ஆன்டெனாவின் அடியில் பக்கவாட்டில் நீட்டியிருக்கும் கம்பிகளைக் கீழ்நோக்கிச் சாய்த்து விட்டதும் 1.2க்கு வந்தது. இந்த 1.2 உண்மையானது.

அன்று மாலை செங்கல்பட்டு நண்பரைக் கூப்பிட்டேன். என்ன மாற்றினேன் என்று நான் சொல்வதற்கு முன்பே அவர், "செட்டை மாத்திட்டீங்களா?" என்று கேட்டார்.

மேலே உள்ள இணைப்பில், தானாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன்மேல் சாதாரண இன்சுலேஷன் டேப்பும் சுற்றியிருக்கிறேன். பி.எல்.259 தானாகத் தண்ணீரைத் தடுக்காது. பின்னலுக்குள் ஒருமுறை ஈரம் புகுந்தால் கேபிளை மாற்றுவதைத் தவிர வழியில்லை. ஜன்னலுக்குள் நுழையும் இடத்திலும் கேபிளைச் சற்றுத் தொங்கவிட்டு, நீர் அங்கேயே சொட்டும்படி செய்திருக்கிறேன். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் மறுபடி டம்மி லோடை வைத்து அளந்தேன். 14 வாட் அப்படியே இருந்தது.