கடை வந்தது, காய் கூடவில்லை

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஹில் டிஸ்ட்ரிக்ட் என்றொரு பகுதி. பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழும் இடம். சுமார் 30 ஆண்டுகள் அங்கே முழுமையான மளிகைக்கடை ஒன்றுகூடக் கிடையாது. கார் இல்லாதவர் காய் வாங்க பஸ் ஏற வேண்டும். திரும்பும்போது இரண்டு கையிலும் பை. நினைத்தாலே தோள் வலிக்கிறது.

2013இல் ஒரு சூப்பர் மார்க்கெட் வந்தது. ராண்ட் ஆய்வு நிறுவனம் அதற்கு முன்னும் பின்னும் மக்களின் சாப்பாட்டைக் கணக்கெடுத்தது. கடை வராத ஹோம்வுட் பகுதியோடு ஒப்பிட்டால், ஹில்லில் சர்க்கரையும் கலோரியும் குறைந்திருந்தன. சரி, கடையால்தானே? அங்கேதான் வேடிக்கை. அந்தக் கடைக்கு அடிக்கடி போனவர், போகாதவர் இருவரின் சாப்பாட்டிலும் பெரிய வித்தியாசமில்லை. காயும் பழமும் சாப்பிடுவது அதிகமாகவே இல்லை. நல்ல சாப்பாடு இப்போது எளிதாகக் கிடைக்கிறது என்ற எண்ணம் மட்டும் போனவர்களிடம் கூடியிருந்தது. ஃபிலடெல்பியாவில் நடந்த இன்னொரு ஆய்விலும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

எனக்கு ஆச்சரியமில்லை. சூப்பர் மார்க்கெட்டில் கீரை மட்டுமா விற்கிறார்கள்? சிப்ஸும் கோலாவும் நாம் தேடாமலே கண்ணில் படும். (கீரை வாங்கப் போய் பிஸ்கட்டோடு திரும்பும் ஆள் நான்.) அதற்காகக் கடையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், அந்த பஸ் பயணம் மிச்சமாவதே பெரிய விஷயம்.

2019இல் அந்தக் கடையை மூடிவிட்டார்கள். மறுபடி சில வருஷம் பஸ்தான்.