ஒடியல் மா பையில் தொடங்கிய போர்ட்போலியோ: விசுவமடு நாட்குறிப்பு

பெப்ரவரி 3, 2025

வீட்டிலிருந்தே வடிவமைப்பு வேலை எடுத்துச் செய்ய, ஃபிரீலான்ஸ் தளமொன்றில் கணக்குத் திறந்தேன். பெயர், படிப்பு எல்லாம் நிரப்பியாயிற்று. "நீங்கள் செய்த வேலைகள்" என்ற இடத்தில், அதாவது போர்ட்போலியோ கேட்கும் இடத்தில், கை நின்றுவிட்டது. நான்கு மாதம் வீடியோ பார்த்துப் பழகியதில் 11 லோகோ கிடக்கின்றன. ஒரு கோப்பிக்கடை, ஒரு சப்பாத்துக் கம்பனி, ஒரு ராக்கெட் கம்பனி, எல்லாம் கற்பனை. ஏன் இந்த நிறம் என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அந்தக் கடைக்கு யார் வருவார்கள் என்றே எனக்குத் தெரியாதே. எல்லாவற்றையும் வேறு ஃபோல்டருக்கு மாற்றினேன். அழிக்க மனம் வரவில்லை.

பெப்ரவரி 6

மாமி வீட்டு முற்றம் முழுக்கப் பனங்கிழங்கு. ஒரு பக்கம் பச்சையாகக் கிழித்துக் காயவிட்ட ஒடியல், மறுபக்கம் அவித்துக் காயவிட்ட புழுக்கொடியல். இரண்டின் மாவையும் ஒரே மாதிரிப் பொலித்தீன் பையில் போட்டு, போட்டோக்கொப்பி துண்டொன்றைப் பின் அடித்து விற்கிறார். துண்டில் மாமியின் பெயரும் போன் நம்பரும் மட்டும்.

"மாமி, வாங்குற ஆக்கள் என்ன குறை சொல்லுறவை?"

"கூழுக்கு எண்டு வாங்கிக்கொண்டு போவினம் பிள்ளை. வீட்டை போய்ப் பாத்தா புழுக்கொடியல் மா. பிறகு கூழ் சரிவரேல்லை எண்டு எனக்குத்தான் போன் வரும்."

அவர் சொன்னதை அப்படியே கொப்பியில் எழுதிக்கொண்டேன். இத்தனை நாள் நான் தேடியது இதைத்தான். தீர்க்க வேண்டிய பிரச்சினை முற்றத்திலேயே காய்ந்துகொண்டிருந்தது. மாமியிடம் காசு வாங்கப் போவதில்லை. ஆனால் செய்வதைப் படம் எடுத்து வெளியில் காட்டலாமா என்று கேட்டேன். "காட்டு, அதுக்கென்ன" என்றார்.

பெப்ரவரி 9

முழு நாளும் எழுத்துரு தேடியே போய்விட்டது. ஆனாலும் பிரயோசனமான நாள். பழைய துண்டு பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தது. பாமினி இல்லாத கணினியில் அதைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். ஆகவே எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோட்தான் என்று முடிவெடுத்தேன். கூகுள் ஃபொன்ட்ஸில் கட்டமரன், முக்த மலர், மீரா இனிமை மூன்றையும் இறக்கினேன். மூன்றும் இலவசம், விற்கிற பொருளில் போடவும் தடையில்லை.

மூன்றிலும் ஒரே சொல்லை அடித்துப் பார்த்தேன்: புழுக்கொடியல். அந்த "ழு" இருக்கிறதே, சின்ன அளவில் அதன் சுழி அடைபட்டு, தூரத்தில் கறுப்புப் புள்ளியாகிவிடுகிறது. "கொ" இடமும் அதிகம் கேட்கிறது. ஆங்கிலத்தில் லோகோ செய்தபோது இப்படி ஒரு கவலையே வந்ததில்லை. தமிழில் வடிவமைக்கிறவருக்கு இது தனி வித்தை, இதைப் போர்ட்போலியோவில் கட்டாயம் காட்ட வேண்டும். முக்த மலரை எடுத்தேன். "கூழுக்கு" என்ற சொல்லைப் பொருளின் பெயரளவுக்கே பெரிதாக்கினேன். ஒடியல் மாவுக்குப் பச்சை, புழுக்கொடியலுக்கு மண்ணிறம்.

பெப்ரவரி 12

அரிவு வெட்டு. நெல் காயப்போடும் வேலை. மடிக்கணினியைத் தொடவில்லை.

பெப்ரவரி 17

பரந்தன் ஊடாக பஸ்ஸில் கிளிநொச்சிக்குப் போய் லேபிள் அச்சடித்தேன். வந்ததைப் பார்த்து அழுகை வந்தது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். கடையில் கோப்பை வேறு மென்பொருளில் திறந்திருக்கிறார்கள், அதில் தமிழ் எழுத்தைக் கோக்கும் வசதி போட்டிருக்கவில்லை. பிழை என்னிலும் உண்டு. அனுப்பமுன், நான் வரையும் மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் எழுத்துகளைக் கோட்டுவடிவமாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வரைபடமாக, மாற்றியிருக்க வேண்டும். மாற்றினால் எந்தக் கணினியிலும் குலையாது. மண்ணிறமும் திரையில் தெரிந்ததைவிட இருண்டு வந்தது. திரை ஒளியில் நிறம் காட்டுகிறது, அச்சு மையில். வெட்டும்போது வெள்ளை விளிம்பு தெரியாமல் சுற்றிவர 3 மில்லிமீற்றர் கூட விட்டு, நிறத்தையும் வெளிறவைத்துத் திரும்ப அடித்தேன். இந்தமுறை சரி.

குலைந்த தாளை எறியவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தேன்.

பெப்ரவரி 20

முறிகண்டியில் பிள்ளையாரைக் கும்பிட்டு எல்லாரும் வாங்கும் கச்சானுக்கு ஒரு பை வடிவமைத்தேன். இதை யாரும் கேட்கவில்லை. அதனால் மேலேயே எழுதினேன்: "பயிற்சிக்காக நானே செய்தது." அந்த வரியை எடுக்கச் சொல்கிறாள் மச்சாள். உண்மையான வேலை மாதிரி இருக்கட்டுமாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. வேலை தர வரும் முதல் ஆளிடமே பொய் சொல்லித் தொடங்கினால், அவர் அந்தக் கடையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதும் மாட்டிக்கொள்வேன். மாமியின் லேபிளுக்குக் கீழும் "பணம் பெறாமல் செய்தது" என்றே போட்டிருக்கிறேன்.

பெப்ரவரி 24

வடிவமைப்பாளர்கள் தங்கள் வேலைகளைக் காட்டும் பிஹான்ஸ் தளத்தில் என் பக்கத்தை ஏற்றினேன். மூன்றே வேலைகள்: ஒடியல், கச்சான், எங்கள் சனசமூக நிலையத்துக்கு ஓர் அறிவித்தல். கூட்டிப் போட ஆசைதான், ஆனால் நாலாவதாக வைக்க இருந்தது சுமார். பார்க்கிறவருக்குச் சுமாரானதுதான் நினைவில் நிற்கும். ஒடியல் பக்கத்தில் பழைய துண்டு, மாமி சொன்னது, கழித்த பென்சில் கீறல்கள், குலைந்த அச்சு, பிறகு முடிந்த லேபிள். படங்களைக் காலை வெயிலில் சுளகின் மேல் வைத்து எடுத்தேன்.

பெப்ரவரி 26, சிவராத்திரி

கோயிலுக்குப் போகமுன் மாமி கூப்பிட்டார். "பிள்ளை, எல்லாம் வடிவாத்தான் இருக்கு. போன் நம்பரைக் கொஞ்சம் பெருசாக்கித் தா. வயசுபோன ஆக்களுக்குத் தெரியுதில்லையாம்."

எடையையும் திகதிகளையும் ஒரே வரிக்குள் கொண்டுவந்தால் இடம் கிடைக்கும். இரவு எப்படியும் விழித்திருக்க வேண்டும். மடிக்கணினியைத் திறந்து வைத்திருக்கிறேன்.