யூரோ விலை போட்ட பனியன்

உலகமயமாக்கல் என்று புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே அதை எங்கள் வீட்டில் பார்த்துவிட்டேன். திருப்பூரில் அம்மாவுக்கு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தையல் கோணி ஒதுக்கிய பீஸ் ஏதாவது வீட்டுக்கு வரும், அதில் யூரோவில் விலை போட்ட அட்டை தொங்கும், அதை ரூபாயாக மாற்றிப் பார்த்தால் அம்மாவின் இரண்டு நாள் சம்பளத்தைத் தாண்டும். அம்மா சிரித்துவிட்டு அட்டையைக் கிழித்துப் போட்டுவிடுவார், அந்த பனியனை நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் போட்டுக்கொள்வேன்.

குறை மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். 2005 தொடக்கத்தில் எந்த நாட்டிலிருந்து எவ்வளவு துணி வரலாம் என்று பணக்கார நாடுகள் வைத்திருந்த ஜவுளி கோட்டா முறை முடிந்தபோது ஆர்டருக்கு வழி திறந்தது, கூடவே வங்கதேசத்தோடும் சீனாவோடும் பைசா கணக்கில் மல்லுக்கட்டும் நிலையும் வந்தது. சாயக்கழிவு நொய்யல் ஆற்றில் போனது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே ஸ்தம்பித்தது, ஆனால் அதே ஆற்றில் இருக்கும் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே நிலம் வைத்திருந்தவர்களிடம் கேட்டால் வேறு கதை சொல்வார்கள் (அவர்கள் பக்கம்தான் நியாயம் என்பது என் எண்ணம்).

அப்புறம் 2025 ஆகஸ்ட். இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. வாஷிங்டனில் ஒரு கையெழுத்து, எங்கள் தெரு டெய்லர் அக்காவுக்கு ஓவர்டைம் இல்லை. “எந்த நாட்டுக்குத் தைக்கிறோம்னே எனக்குத் தெரியாதுப்பா” என்றார்.