மூன்று வீடு தள்ளி

இங்கிலாந்துக்கு வந்த முதல் குளிர்காலத்தில் இந்த ஊர் மக்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர்களுடைய சாத்திய கதவுகள்தாம். நான்கு மணிக்கே இருட்டிவிடும். தெருவில் எந்த வீட்டிலிருந்தும் ஒரு சத்தம் வராது. சம்பந்திச் சண்டையே அறியாத சனங்கள் போலும் என்று நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பை மாற்றியது நான் வேலை பார்த்த முதியோர் இல்லத்துத் தொலைக்காட்சியில் ஓடிய ஒரு கறுப்பு வெள்ளைப் படம். 1956இல் வந்த ‘செய்லர் பிவேர்’. பிலிப் கிங்கும் ஃபாக்லண்ட் கேரியும் எழுதி, முந்தைய ஆண்டு லண்டன் ஸ்ட்ராண்ட் அரங்கில் மேடையேறிய நாடகம்தான் மூலம்.

நாளை கல்யாணம். மாப்பிள்ளை கடற்படைக்காரன். பெண்ணின் தாய் எம்மாவாக பெகி மவுண்ட், மேடையில் நடித்த அதே வேடத்தில். அம்மாடி, என்ன குரல்! வீடே அதிர்கிறது. கணவர் ஹென்றி, தான் வளர்க்கும் ஃபெரெட்டுகளிடம், அதாவது கீரி போன்ற சிறு பிராணிகளிடம், போய் ஒதுங்குகிறார். கூடவே இருக்கும் நாத்தனார் ஈடி எதைச் செய்தாலும் வசவு. புதுத் தம்பதிக்கு மூன்று வீடு தள்ளியே குடித்தனம் பார்த்துவைத்துவிட்டாள் எம்மா. மறுநாள் தேவாலயத்தில் உறவுக்கூட்டம் காத்திருக்கிறது, மாப்பிள்ளையைக் காணவில்லை.

எங்கள் பெரியம்மா வீட்டுக் கல்யாணத்தையே பார்ப்பதுபோல் இருந்தது எனக்கு.

பக்கத்தில் இருந்த பாட்டிக்குத் தொண்ணூறு வயது நெருங்குகிறது. வசனம் வருவதற்கு முன்பே அவர் உதடு அசைந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வழிய, கம்பளிப் போர்வையின் நுனியால் ஒற்றிக்கொண்டார்.

ஓர் இடத்தில் மட்டும் சிரிப்பை நிறுத்தினார். இவளைக் கட்டியதற்கு வருந்துகிறீர்களா என்று பாதிரியார் ஹென்றியிடம் கேட்கிறார். எம்மா மறைந்து நின்று கேட்கிறாள். அவர் யோசித்து யோசித்து, தன்மீது அவளுக்குப் பாசம் உண்டு, வீட்டை அவள் எவ்வளவு நன்றாக வைத்திருக்கிறாள் என்ற முடிவுக்கு வருகிறார். அவ்வளவு நேரம் கத்திய முகம் அப்படியே இளகுகிறது. அந்த ஒரு காட்சிக்காகவே படத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்ப்பேன்.

“என் மாமியாரும் எங்கள் தெருவில்தான் இருந்தார்” என்றார் பாட்டி. “உன் மாமியார்?”

“விமானத்தில் பத்து மணி நேரம்.”

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “பாவம், பேரப்பிள்ளைகளைத் தேடுவாரே” என்றார்.