15 இன்ச்சிலிருந்து 16 இன்ச்சுக்கு: ஆல்டிஸுக்கு லோ புரொஃபைல் டயர் போட்ட அனுபவம்

பத்து வருடம் முடிந்ததும் காரைக் கொடுத்துவிடாமல் சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான சிஓஇ சான்றிதழை இன்னும் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தேன். 2014ஆம் ஆண்டு தொயோத்தா கொரோல்லா ஆல்டிஸ். எஞ்சின் நன்றாக இருக்கிறது, பராமரிப்புச் செலவும் கம்மி. ஐந்து வருடப் புதுப்பிப்பை மறுபடி நீட்டிக்க முடியாது. அதனால் இந்தக் காரோடு எனக்கு மிச்சமிருக்கும் காலம் எவ்வளவு என்பது தெரிந்ததுதான். அந்தச் சமயத்தில் டயர்களும் மாற்ற வேண்டிய நிலைக்கு வந்திருந்தன. எப்படியும் நாலு டயர் வாங்கத்தான் போகிறோம், ரிம்மையும் சேர்த்து மாற்றினால் என்ன என்று, ரொம்ப நாளாக மனதில் இருந்த ஆசையைக் கையில் எடுத்தேன்.

தோற்றத்துக்காக மட்டும் இல்லை. பிஐஇ விரைவுச்சாலையிலிருந்து இறங்கும் வளைவுகளில் ஸ்டியரிங்கைத் திருப்பிய பிறகு கார் கொஞ்சம் தாமதித்தே திரும்பும். டயரின் பக்கச்சுவர் உயரமாக இருந்தால் முதலில் அது வளையும், அதற்கப்புறம்தான் கார் திரும்பும். அந்தத் தாமதம் எனக்கு எப்போதுமே பிடித்ததில்லை.

பழைய டயரின் அளவு 195/65 ஆர்15 91ஹெச். அகலம் 195 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், அதாவது 127 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கீழே. ரிம் 15 இன்ச். கடைசி எழுத்து டயரின் வேக வரம்பைக் குறிக்கும், 91ஐப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். லோ புரொஃபைல் என்றால் நடுவில் இருக்கும் அந்த 65ஐக் குறைப்பது. அதைக் குறைக்கும்போது ரிம்மைப் பெரிதாக்கி, சக்கரத்தின் மொத்த விட்டம் ஏறக்குறைய பழையபடியே இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். விட்டம் மாறினால் வேகமானி காட்டும் வேகமும் மாறும். பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் சக்கரம் சுற்றும் வேகத்தை வைத்துத்தான் வேலை செய்கிறது.

முதலில் போன கடையில் 17 இன்ச் ரிம்மும் 215/45 டயரும் போடச் சொன்னார்கள். "எல்லாரும் இதுதான் போடுறாங்க, பார்க்கவும் அழகா இருக்கும்." அழகாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் டயரைக் கையில் வாங்கிப் பார்த்தபோது அளவுக்குப் பக்கத்தில் 87 என்று இருந்தது. பழைய டயரில் இருந்தது 91.

இந்த எண்ணைப் பற்றிக் கடைகளில் யாரும் தாமாகப் பேசுவதில்லை. எனக்கு இந்த மொத்த வேலையிலும் முக்கியமாகப் பட்டது இதுதான். 91 என்றால் அந்த டயர் 615 கிலோ வரை தாங்கும். 87 என்றால் 545 கிலோ. ஒரு டயருக்கு 70 கிலோ குறைகிறது. நாலு டயரும் சேர்ந்தால் 2,180 கிலோ, ஆட்களையும் சாமானையும் ஏற்றிய ஆல்டிஸ் அதைவிட எடை குறைவுதான், ஆகவே தாங்கும் என்று வாதாடலாம். கடைக்காரரும் அதைத்தான் சொன்னார். தாங்கும், சரி. ஆனால் எடை நாலு சக்கரத்திலும் எப்போதும் சமமாக உட்காருவதில்லை. பிரேக் போட்டால் முன்பக்கம் சாயும், வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் சுமக்கும், குழியில் விழும்போது அந்த ஒரு டயர்தான் அடி வாங்கும். கையிருப்பாக இருக்கும் வலு அதற்காகத்தான். கார் கம்பெனி கொடுத்த எண்ணுக்குக் கீழே இறங்கக்கூடாது என்பதை நான் விதியாகவே வைத்துக்கொண்டேன்.

அதே 215/45 ஆர்17 அளவில் 91 எண்ணோடும் டயர் கிடைக்கிறது, எக்ஸ்எல் என்று போட்டிருக்கும், கூடுதல் சுமை தாங்கும் வகை. ஆனால் அதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. சாதாரண டயர் தன் முழுச் சுமையை 250 கிலோபாஸ்கல் காற்றழுத்தத்தில் தாங்குகிறது. எக்ஸ்எல் டயருக்கு அதே முழுச் சுமைக்கு 290 வேண்டும், கிட்டத்தட்ட 42 பிஎஸ்ஐ. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்துப் பழைய டயருக்கான காற்றையே அதில் அடித்தால் 91 என்று எழுதியிருப்பதன் முழுப் பலன் கிடைக்காது. காற்றைக் கூட்டினால், ஏற்கெனவே மெலிந்த பக்கச்சுவர் இன்னும் விறைப்பாகும். பின் இருக்கையில் உட்காருவது முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்ட என் அப்பா.

ஆகவே 16 இன்ச், 205/55 ஆர்16 91வி என்று முடிவு செய்தேன். 55 என்றால் லோ புரொஃபைலே இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. சொல்லட்டும். கணக்கைப் பாருங்கள்: பழைய விட்டம் 634.5 மில்லிமீட்டர், புதியது 631.9. வித்தியாசம் 0.4 சதவீதம். புது டயரில் சுமார் 8 மில்லிமீட்டர் ஆழமுள்ள பூ (சாலையைத் தொடும் ரப்பரில் இருக்கும் பள்ளங்கள்), சட்டப்படி அனுமதிக்கும் குறைந்தபட்சமான 1.6க்குத் தேயும்போதே விட்டம் 12 மில்லிமீட்டருக்கு மேல் குறைந்துவிடுகிறது. தேய்மானத்தைவிடச் சின்ன மாற்றம் இது. சுமை எண் அதே 91. பக்கச்சுவர் 14 மில்லிமீட்டர் குறைகிறது. அதோடு, இந்தத் தலைமுறை கொரோல்லாவின் வேறு வகைகளுக்குத் தொயோத்தாவே கொடுத்த அளவு இது. சஸ்பென்ஷனுக்கு ஒத்துவருமா, மட்கார்டில் உரசுமா என்றெல்லாம் சந்தேகப்பட வேண்டியதில்லை.

ரிம் தேட காக்கி புக்கிட், சின் மிங் இரண்டு பக்கமும் அலைந்தேன். ஆல்டிஸுக்கு ஐந்து நட்டு, பிசிடி, அதாவது நட்டுகள் அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டம், 100 மில்லிமீட்டர், நடுத்துளை 54.1. இவை தெரிந்தாலே பாதித் தேடல் முடிந்துவிடும். மீதிப் பாதி ஆஃப்செட், அதாவது ரிம் காரில் பொருந்தும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்பது; அது குறைந்தால் சக்கரம் வெளியே தள்ளும். ஓரிடத்தில் காட்டிய ரிம் என் பழையதைவிட ஓர் இன்ச் அகலம் கூட, ஆஃப்செட் 10 கம்மி. அகலத்தால் வெளிப்பக்கம் 12.7 மில்லிமீட்டர், ஆஃப்செட்டால் இன்னும் 10. மொத்தம் 22.7 மில்லிமீட்டர் சக்கரம் வெளியே வரும். சிங்கப்பூரில் டயர் மட்கார்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கக்கூடாது. பத்து வருடம் தாண்டிய காருக்கு ஆண்டுதோறும் பரிசோதனை வேறு. பார்க்க நன்றாக இருக்கிறதே என்று வாங்கிவிட்டு வருடாவருடம் கவலைப்பட எனக்கு விருப்பமில்லை. கடைசியில் எடுத்தது பழைய ஆஃப்செட்டுக்கு நெருக்கமான ஒரு ரிம். உட்புறத்தில் ஜேடபிள்யூஎல், விஐஏ என்ற ஜப்பானியத் தர முத்திரைகள் வார்க்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்துத்தான் வாங்கினேன். டயரின் பக்கத்தில் இருக்கும் நாலு இலக்கத் தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம்.

மாட்டிக்கொண்டு கிளம்பியதும் நகரச் சாலையில் ஒரு குறையும் தெரியவில்லை. பிஐஇயில் 80ஐத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்தது. 90 வரை நடுக்கம், வேகத்தைக் குறைத்தால் போய்விடும். பேலன்ஸிங் சரியில்லை என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். மாட்டிக் கொடுத்த கடையில் மறுபடி பேலன்ஸ் செய்து கொடுத்தார்கள், நடுக்கம் போகவில்லை.

அப்புறம் போனது நண்பர் சொன்ன ஒரு சின்னப் பட்டறைக்கு. மலேசியாவின் ஜொகூரிலிருந்து தினமும் கடற்பாலம் தாண்டி வேலைக்கு வரும் அண்ணன் ஒருவர் அங்கே இருக்கிறார். சக்கரத்தைக் கழற்றிய உடனே, "வளையம் எங்க தம்பி?" என்று கேட்டார். வெளியில் வாங்கும் ரிம்மின் நடுத்துளை பல கார்களுக்கும் பொருந்தட்டும் என்று பெரிதாக இருக்கும். என்னுடையதில் 73.1. சக்கரம் மாட்டும் காரின் ஹப்போ 54.1. இடையில் இருக்கும் இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் போட வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் சரியாக நடுவில் உட்காராமல் நட்டுகளை மட்டும் நம்பி நிற்கும். முன்பக்கம் இரண்டிலும் அந்த வளையம் போடப்படவில்லை. மாட்டிய கடைக்கு அது தெரியாமல் இருந்திருக்க முடியாது. அதுதான் எனக்கு வருத்தம்.

அண்ணன் அலுமினிய வளையம் போட்டார். பிளாஸ்டிக் ஒன்று மலிவாகக் கிடைக்கும், பிரேக் சூட்டில் எத்தனை நாள் இருக்குமோ என்று அவரே வேண்டாம் என்றார். நட்டையும் எடுத்துக் காட்டினார். தொயோத்தாவின் அலாய் ரிம்முக்கு வரும் நட்டின் அடி தட்டையாக வாஷரோடு இருக்கும். இந்த மாதிரி ரிம்முக்குக் கூம்பு வடிவ நட்டுதான் வேண்டும். நல்லவேளையாக அதைச் சரியாகத்தான் கொடுத்திருந்தார்கள். அவர் காற்றுத் துப்பாக்கியால் லேசாக ஏற்றிவிட்டு முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் எடுத்து 103 நியூட்டன் மீட்டருக்கு ஒவ்வொன்றாக முறுக்கினார். "நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க, இன்னொரு தடவ பார்த்துடலாம்" என்றார், அதற்குக் காசும் வாங்கவில்லை. அன்று மாலையே 90இல் ஓட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங்கில் ஒரு அசைவும் இல்லை.

இப்போது எப்படி இருக்கிறது? வளைவுகளில் நான் எதிர்பார்த்த மாற்றம் உண்மையாகவே வந்திருக்கிறது. திருப்பியதும் திரும்புகிறது. மேம்பாலங்களில் இணைப்புகளைத் தாண்டும்போது சத்தம் முன்பைவிடக் கொஞ்சம் கூர்மையாகக் கேட்கிறது. அப்பாவிடம் கேட்டேன், வித்தியாசம் தெரியவில்லை என்றார். எனக்கு அது பெரிய நிம்மதி. மழைக்கு அகலமான டயர் நல்லது என்று பலர் நம்புகிறார்கள், தேங்கிய நீரில் அது நேர்மாறு. அகலம் கூடினால் டயர் நீரின் மேல் மிதப்பது சீக்கிரமாகிவிடும். வருடத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர் இது. 10 மில்லிமீட்டர் கூடியதால் எனக்குப் பெரிய மாற்றம் தெரியவில்லை. ஆனாலும் பூ 3 மில்லிமீட்டருக்கு வந்தாலே மாற்றிவிடுவதாக இருக்கிறேன், சட்டத்தின் 1.6 வரை காத்திருக்கப் போவதில்லை.

மனைவியின் வீடு கூலாயில். ஜொகூர் பக்கம் பெருமழைக்குப் பிறகு லாரிகள் ஓடும் சாலைகளில் எங்கே குழி இருக்கும் என்று சொல்ல முடியாது. அங்கேதான் அந்தப் பக்கச்சுவர் உயரத்தின் அருமை தெரிகிறது. ஒரு தடவை நீர் நிறைந்த குழி ஒன்றில் முன் சக்கரம் விழுந்தது. இறங்கிப் பார்த்தேன், டயரில் வீக்கமோ ரிம்மில் வளைவோ இல்லை. அதே இடத்தில் 45 டயர் இருந்திருந்தால் என்று நினைக்கவே மனம் வரவில்லை. வீவக (அரசு வீடமைப்புக் கழக) அடுக்குமாடி நிறுத்துமிடங்களில் சாலை ஓரக் கல்லில் உரசாமல் ஓட்டுவதில் முன்பைவிடக் கவனம் தேவைப்படுகிறது, அவ்வளவுதான்.

காப்புறுதி நிறுவனத்துக்கு மாற்றத்தை எழுத்தில் தெரிவித்தேன், விபத்து என்று வந்தால் பேச்சுக்கு இடமிருக்கக்கூடாது. வருடாந்தரப் பரிசோதனையில் டயரைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை, கார் தேறிவிட்டது. பூட்டில் இருக்கும் ஸ்பேர் இன்னும் பழைய 195/65தான். விட்டம் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் கடை வரை ஓட்டிப் போகலாம். புது நட்டு அதற்குப் பொருந்துகிறதா என்று அண்ணனிடம் மாட்டிக் காட்டச் சொன்னேன், பொருந்தியது. நீங்கள் மாற்றினாலும் கடையை விட்டுக் கிளம்பும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.