பத்தொன்பது பேரோடு உஷாகாவுக்கு

பெரிய குடும்பம் கேளிக்கைப் பூங்காவுக்குப் போனால் பணம் எங்கே கரைகிறது என்று உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் ஒன்று தெரியும்: சறுக்கில் ஏறாதவர்களுக்கும் சேர்த்துச் சறுக்குக்கான பணத்தைக் கட்டுகிறோம். மூட்டுவலிக்காரர், கைக்குழந்தைக்காரி, தண்ணீரைக் கண்டாலே ஒதுங்கும் பெரியப்பா, எல்லாருக்கும் ஒரே டிக்கெட். அந்தச் செலவுக்குப் பயந்து பலர் பெரியவர்களை வீட்டில் விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு மட்டும் போய் வருகிறார்கள். எனக்கு அதில் சம்மதமே இல்லை. எல்லாரும் போக வேண்டும், ஆனால் எல்லாருக்கும் ஒரே டிக்கெட் வேண்டாம். இந்த ஒரு முடிவை வைத்துத்தான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் உஷாகா என்ற கடலோரக் கேளிக்கைப் பூங்காவுக்கு எங்கள் பயணம் முழுவதையும் திட்டமிட்டோம்.

நான் திருநெல்வேலிக்காரி. கல்யாணமாகித் தென்னாப்பிரிக்கா வந்து, இப்போது ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கிறோம். கணவரின் குடும்பம் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில். மாமா, அத்தை, கணவரின் ஆயா (பாட்டி), இரண்டு கொழுந்தனார்கள், ஒரு நாத்தனார், அவரவர் பிள்ளைகள். எங்களையும் என் தங்கை குடும்பத்தையும் சேர்த்தால் பத்தொன்பது. மூத்தவர் ஆயா, எண்பதைத் தாண்டியவர். கடைசி ஆள் இன்னும் தவழ்கிறான்.

எந்தப் பூங்கா என்பதில்தான் முதல் வாக்குவாதம். பதின்வயதுப் பிள்ளைகள் மொத்தமாக கோல்ட் ரீஃப் சிட்டிக்கு ஓட்டுப் போட்டார்கள். அதில் அவர்கள் பக்கம் நியாயம் உண்டு. ஜோஹன்னஸ்பர்க்கில் கிரவுன் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தின் 14-ஆம் எண் குழி இருந்த இடத்தில் 1987-இல் திறந்த பூங்கா அது. தண்டவாளம் தலைக்கு மேலே ஓட, கால்கள் அந்தரத்தில் தொங்கும் அனகோண்டா ரோலர் கோஸ்டர் அங்கேதான் இருக்கிறது. நேர்க்குத்தாகப் பூமிக்குள் விழும் டவர் ஆஃப் டெரரும் அங்கேதான். ஆனால் அங்கே நுழைவுக் கட்டணத்திலேயே சவாரிகளும் அடக்கம். ஏறுகிறவர்கள் நிறைந்த குடும்பத்துக்கு அது லாபம். எங்கள் பத்தொன்பதில் துணிந்து ஏறுகிறவர்கள் பாதிப்பேர்கூட இல்லை.

டர்பன் உஷாகா மரைன் வேர்ல்டின் அமைப்பு வேறு. 2004-இல் திறந்தார்கள். துறைமுக வாயை ஒட்டிய பாயிண்ட் பகுதியில், கோல்டன் மைல் கடற்கரையின் தெற்கு முனையில் இருக்கிறது. கடைகளும் உணவகங்களும் உள்ள வில்லேஜ் வாக் பகுதிக்குள் நடக்கக் கட்டணம் கிடையாது. மீன்களும் டால்ஃபின்களும் இருக்கும் சீ வேர்ல்டுக்குத் தனி டிக்கெட், தண்ணீர்ச் சறுக்குகள் உள்ள வெட் அண்ட் வைல்டுக்குத் தனி டிக்கெட், இரண்டுக்கும் சேர்த்தும் ஒன்று உண்டு. அதைத் தாண்டினால் பொதுக் கடற்கரை, அங்கே யாரும் காசு கேட்பதில்லை. பெரிய குடும்பத்துக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு நான் பார்த்ததில்லை.

தங்கும் செலவும் டர்பன் பக்கமே சாய்ந்தது. பத்தொன்பது பேரில் பெரும்பாலானவர்களுக்கு அங்கே சொந்த வீடு இருக்கிறது. ஹாலில் மெத்தை விரித்தால் எங்கள் பிள்ளைகள் மற்ற பிள்ளைகளோடு விடிய விடியப் பேசிக்கொண்டு கிடப்பார்கள். கடற்கரை ஓட்டலில் நாலைந்து அறை எடுப்பதை நினைத்துப் பாருங்கள். பூங்கா டிக்கெட்டைப் போல் பல மடங்கு அறைகளுக்கே போய்விடும்.

எப்போது போவது என்பதையும் யோசித்துத்தான் முடிவு செய்தோம். டிசம்பரில் ஜோஹன்னஸ்பர்க் இருக்கும் கௌடெங் மாகாணமே டர்பனுக்குக் கிளம்பி வந்துவிடும். கடற்கரையில் கால் வைக்க இடமிருக்காது, வாடகை வண்டியும் எளிதில் கிடைக்காது. இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலை விடுமுறையில் டர்பன் வெயில் இதமாக இருக்கும், ஆனால் நனைந்துவிட்டு வெளியே வந்தால் காற்று குளிரும். ஆகவே செப்டம்பர் கடைசியில் வரும் வசந்த கால விடுமுறையை எடுத்துக்கொண்டோம். அது புரட்டாசி. இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பல அந்த மாதம் முழுக்கக் கறி மீன் தொடுவதில்லை, எங்கள் வீட்டிலும் அப்படித்தான். 'விரத மாசத்தில் சுற்றுலாவா?' என்று அத்தை முதலில் தயங்கினார். பிறகு அவரே ஒரு வசதியைக் கண்டுபிடித்தார். எல்லாருக்கும் ஒரே சைவச் சாப்பாடு, வீட்டிலேயே கட்டிக்கொண்டு போகலாம், கெட்டுப்போகும் என்ற பயமும் குறைவு. செப்டம்பர் 24 ஹெரிட்டேஜ் டே, பொது விடுமுறை. நாடே பிராய் என்னும் இறைச்சி சுடும் அடுப்பை மூட்டிக்கொண்டு வெளியே வரும் நாள். அன்றைக்கு மட்டும் பூங்காப் பக்கம் போகாமல் வீட்டில் இருந்துவிட்டோம்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். கூட்டமில்லாத பருவத்தில் இப்படிப்பட்ட பூங்காக்கள் வாரத்தில் சில நாள் மூடியிருக்கும். விடுமுறைக் கால அட்டவணையைப் பார்க்காமல் நாள் குறிக்காதீர்கள்.

பணத்தை ஒரே நாளில் யாரும் எடுத்து வைக்கவில்லை. இந்த நாட்டுக் கறுப்பின மக்களிடம் ஸ்டொக்வெல் என்று ஒரு பழக்கம் உண்டு. நம்ம ஊர்ச் சீட்டு மாதிரிதான். மாதாமாதம் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, முறை வைத்து எடுத்துக்கொள்வார்கள், அல்லது வருடக் கடைசியில் மொத்தமாகச் சாமான் வாங்குவார்கள். நாங்களும் அதைப் போல மாதம் ஒரு சிறு தொகை போட்டு வந்தோம். சம்பாதிக்கிறவர்கள் தலைக்கு ஒரே அளவு. பிள்ளை அதிகமுள்ளவர், குறைவானவர் என்று கணக்குப் பார்க்கவில்லை. பணப் பேச்சால் குடும்பம் கசந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் இதை முதலிலேயே எல்லாரும் கூடிப் பேசி முடித்தோம். கணக்கு நாத்தனார் பொறுப்பு. வாட்ஸ்அப்பில் வாரம் ஒருமுறை தொகையைப் போட்டுவிடுவாள்.

லெனேசியாவிலிருந்து என் தங்கை குடும்பமும் நாங்களும் கிளம்பினோம். டர்பனுக்கு என்3 நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 570 கிலோமீட்டர். டி ஹூக், வில்கே, துகேலா, மூயி, மரியான்ஹில் என்று வழிநெடுகச் சுங்கச் சாவடிகள். மூன்று கார் எடுத்தால் மூன்று முறை சுங்கம். டொயோட்டா குவாண்டம் மினிபஸ்ஸும் சாவடியில் காரைப் போலவே இலகுரக வண்டிக் கணக்கில்தான் வரும், பின்னால் டிரெய்லர் மாட்டியிருந்தாலும் அதே கட்டணம். ஆகவே டிரைவரோடு ஒரு குவாண்டம் வாடகைக்கு எடுத்தோம். பெட்டிகள் எல்லாம் டிரெய்லரில். டர்பனில் இறங்கிய பிறகும் அதே வண்டி சாட்ஸ்வொர்த்துக்கும் கடற்கரைக்கும் ஓடியது. விடிகாலையில் கிளம்பி ஹாரிஸ்மித்தில் ஒரு நீண்ட நிறுத்தம். வான் ரீனன் கணவாயை நல்ல வெளிச்சத்தில் கடந்துவிட வேண்டும். அங்கே மூடுபனியும் சரக்கு லாரிகளும் சேர்ந்தால் பெரிய சோதனை.

டிக்கெட் பிரிப்புக்கு வருகிறேன். சாட்ஸ்வொர்த் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரவு பெயர்ப் பட்டியலைப் போட்டோம். ஆறு பிள்ளைகளுக்கும் அவர்களோடு தண்ணீரில் இறங்கும் மூன்று பெரியவர்களுக்கும் வெட் அண்ட் வைல்டு. மாமா, அத்தை, இரண்டு சின்னப் பிள்ளைகள், அவர்கள் அம்மாக்கள், இவர்களுக்குச் சீ வேர்ல்டு. மீதிப்பேருக்கு டிக்கெட்டே வேண்டாம், கடற்கரையும் வில்லேஜ் வாக்கும் போதும் என்றார்கள்.

"எனக்கும் வேணாம்மா, நான் பையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்துக்கிறேன்" என்றார் ஆயா.

"பையை லாக்கர்ல வச்சுக்கலாம் ஆயா. நீங்க மீன் பார்க்க வர்றீங்க" என்றேன்.

இதை நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. காரணம் இருக்கிறது. 1953-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இந்த நாட்டின் கடற்கரை, பூங்கா, பெஞ்சு வரைக்கும் இனவாரியாகப் பிரித்தது. அது 1990-இல்தான் நீக்கப்பட்டது. டர்பனில் நல்ல கடற்கரைகளில் வெள்ளையருக்கு மட்டும் என்று பலகை நின்றது. ஆயா பெண்ணாக, மனைவியாக, தாயாக இருந்த காலம் முழுவதும் தன் ஊர்க் கடலில் எங்கே கால் நனைக்கலாம் என்பதை அரசாங்கப் பலகை சொன்னது. அவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டிய வயதில் போக முடியவில்லை. இப்போது பேரன் பேத்திகளின் பையைக் காவல் காக்க மட்டும் அவரை அங்கே கூட்டிப் போவதா? ஓய்வூதிய வயதுக்காரர்களுக்குக் குறைந்த கட்டணம் இருக்கிறது, அடையாள அட்டையைக் காட்டினால் போதும். அந்த டிக்கெட்டை முதலில் எடுத்தோம்.

வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற டிக்கெட்டுகளை வாங்கினோம். வசந்த காலத்து டர்பனில் மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. எங்களுக்கும் ஒரு காலை முழுக்கத் தூறிக்கொண்டே இருந்தது. அன்று வீட்டிலேயே கேரம் ஆடிவிட்டு மறுநாள் போனோம். நாள் கணக்கில் ஒரு நாள் கூடுதலாக வைத்திருந்தது அப்போதுதான் உதவியது. அதுவும் வார நாளாக அமைந்ததால் சறுக்குகளில் வரிசை நீளவில்லை.

சீ வேர்ல்டின் மீன் காட்சியகம் தரைதட்டிய பழைய சரக்குக் கப்பல் போலக் கட்டப்பட்டிருக்கிறது. அதன் வயிற்றுக்குள் இறங்கி நடந்தால் இரண்டு பக்கமும் கண்ணாடிக்குப் பின்னால் சுறாவும் திருக்கையும் நீந்துகின்றன. உள்ளே வெளிச்சம் குறைவு, பெரியவர்களின் கையைப் பிடித்துக்கொள்ள ஆளுக்கு ஒருவர் வேண்டும். ஆயா ஒரு திருக்கைக்கு முன்னால் நின்றவர் நகரவே இல்லை. "இதைக் குழம்பு வைக்கத்தான் பார்த்திருக்கேன், இப்படிப் பறக்கும்னு தெரியாது" என்றார். புரட்டாசியில் குழம்பை ஞாபகப்படுத்தாதீர்கள் என்று அத்தை சிரித்தார். டால்ஃபின் அரங்கில் உட்கார்ந்து பார்க்கலாம் என்பது மூட்டுவலிக்காரர்களுக்குப் பெரிய நிம்மதி. கொடுக்கிற டிக்கெட் பணம் கடல் ஆராய்ச்சிக்கும் போகிறது. இந்தச் சீ வேர்ல்டை நடத்துவது 1951-இல் தொடங்கிய தென்னாப்பிரிக்கக் கடல் உயிரியல் ஆய்வுச் சங்கம்.

சறுக்குப் பக்கம் போன பிள்ளைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அவர்கள் தண்ணீரை விட்டு வெளியே வரவே இல்லை. ஒன்று மட்டும்: சறுக்குகளுக்கு உயரக் கட்டுப்பாடு உண்டு. வீட்டிலேயே சுவரில் கோடு போட்டு அளந்துவிடுங்கள். உயரம் போதாத பிள்ளையை வாசலில் அழவிடுவதைவிட, முதல் நாளே சொல்லி வேறு ஆசை காட்டுவது நல்லது.

மதியம் எல்லாரும் கடற்கரையில் கூடினோம். பெரும்பாலான பூங்காக்கள் வெளி உணவை உள்ளே விடுவதில்லை. அதனால் வெளியே வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்ப உள்ளே போக முடியுமா என்பதை நுழையும்போதே வாசலில் கேட்டு வைத்திருந்தோம். உருளைக்கிழங்குக் கறி சுருட்டிய ரொட்டி ரோல், புளிச்சோறு, வடை, ஃபிளாஸ்கில் தேநீர். பத்தொன்பது பேர் உணவகத்தில் உட்கார்ந்திருந்தால் அன்றைய டிக்கெட் செலவை அது எட்டிப் பிடித்திருக்கும். அப்புறம், கடலில் இறங்குவதானால் உயிர்காப்பாளர்கள் நட்ட கொடிகளுக்கு நடுவே மட்டும்தான். அலை இழுப்பு இங்கே விளையாட்டல்ல.

சாயங்காலம் பிள்ளைகள் இன்னும் சறுக்கிக்கொண்டிருக்க, பெரியவர்கள் பாயிண்ட் நடைபாதையில் துறைமுக வாய் வரை மெதுவாக நடந்தோம். ஆயாவுக்குச் சக்கர நாற்காலி. 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து 342 பேரோடு ட்ரூரோ கப்பல் வந்து சேர்ந்த துறைமுகம் இதுதான். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த முதல் கூட்டம். எங்கள் ஆயாவின் முன்னோர் எந்தக் கப்பலில் வந்தார்கள் என்பதற்கு வீட்டில் காகிதம் இல்லை. மாமா தனக்குத் தெரிந்ததை எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு கன்டெய்னர் கப்பல் உள்ளே நுழைந்தது, பிள்ளைகள் கை காட்டினார்கள். இதற்கு ஒரு ராண்டும் செலவில்லை. அன்றைய நாளில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் இதுதான்.

திரும்பும் வழியில் எல்லாருக்கும் பீன்ஸ் பன்னி சௌ வாங்கினோம். உட்பகுதியைக் குடைந்தெடுத்த ரொட்டிக்குள் சூடான பீன்ஸ் குழம்பு, குவார்ட்டர் என்னும் கால் ரொட்டி போதும் வயிறு நிறைந்துவிடும்.

அடுத்த முறை பதின்வயதுப் பிள்ளைகளின் முறை. கோல்ட் ரீஃப் சிட்டிதான், படுக்கை எங்கள் லெனேசியா வீட்டில். அங்கேயும் அதே கணக்கு: ஏறுகிறவர்கள் மட்டும் பூங்காவுக்குள். மற்றவர்கள் பக்கத்திலேயே இருக்கும், இனவெறி ஆட்சியின் வரலாற்றைச் சொல்லும் அபார்த்தைட் மியூசியத்துக்கு. 2001-இல் திறந்தது, அதற்குத் தனி டிக்கெட். தவழ்கிற பையனும் சின்னப் பிள்ளைகளும் என்னோடு வீட்டில் இருப்பார்கள். ஆயாவிடம் வருகிறீர்களா என்று கேட்டேன்.

"நான் பார்க்காததா அதெல்லாம்? சரி, நானும் வர்றேன். அங்க எழுதிப் போட்டது சரியா இருக்கான்னு யாராவது பார்க்கணும்ல" என்றார்.

மாதப் பணம் கட்ட ஆரம்பித்துவிட்டோம்.